கயிற்றுக்கும் மணிக்கட்டுக்கும் இடையில்

“அங்கிள், மார்சியாஸின்ர கயிறு லூசாக் கிடக்கு. இறுக்கிவிடட்டோ?”

கீர்த்தனா தொலைபேசியில் இப்படிக் கேட்டபோது நான் சூரிச்சுக்குப் பக்கத்தில் அட்லிஸ்வில் வீட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். ஓய்வு பெற்றவனுக்கு வீட்டில் கிடைக்கும் முதல் உத்தியோகம் அதுதான். கீர்த்தனா இங்கேயே, ஊஸ்டரில், பிறந்து வளர்ந்த பிள்ளை. உலோக வேலை முறையாகப் பழகிச் சான்றிதழ் எடுத்தவள். சூரிச்சில் நான் வேலை செய்த அருங்காட்சியகத்தில் இப்போது என் இடத்தில் இருக்கிறாள்.

“தொடாதை,” என்றேன்.

“அப்ப அது பிழையில்லையோ?”

“பிழையில்லை. நான்தான் அப்பிடி விட்டனான்.”

“அங்கிள், இன்னொண்டும் இருக்கு. புதுக் கியூரேட்டர் பின்னால இருக்கிற தாங்கியைக் கழட்டிப்போட்டு, சிலையைக் கையிலயே தொங்கவிடலாம் எண்டு சொல்றா. அப்பதான் உண்மையா இருக்குமாம். வாற கிழமை கூடிக் கதைக்கப்போறம். வேண்டாம் எண்டு சொல்ல எனக்கு விருப்பம்தான். ஆனா ஏன் எண்டு கேட்டா என்ன சொல்றது?”

“ஒண்டும் சொல்லாதை. நானே வந்து சொல்றன்.”

வெங்காயத்தை அப்படியே வைத்துவிட்டேன். ஏன் என்று நான் அந்தக் கட்டடத்தில் ஒரே ஒருவருக்குத்தான் சொல்லியிருக்கிறேன். அவரும் அதை வெளியே விடவில்லை. இனி நானே சொல்லித்தான் ஆகவேண்டும். சொல்வதென்றால் முதலிலிருந்து சொல்கிறேன்.

என் வேலை தாங்கி செய்வது. அருங்காட்சியகத்தில் நீங்கள் ஒரு சாடியைப் பார்ப்பீர்கள், ஒரு தலையைப் பார்ப்பீர்கள், அது எப்படி நிற்கிறது என்று பார்க்க மாட்டீர்கள். பார்த்தால் நான் வேலையைச் சரியாகச் செய்யவில்லை என்று அர்த்தம். பித்தளைக் கம்பியையும் உருக்குத் தகட்டையும் பொருளின் உடம்புக்கு ஏற்றபடி வளைத்து, படுகிற இடமெல்லாம் மெல்லிய தோல் ஒட்டி, பொருளின் நிறத்துக்கே வர்ணம் பூசிவிடுவேன். பொருள் நிற்கும், தாங்கி தெரியாது. என்ன வேலை செய்கிறாய் என்று ஊர்ச் சனம் கேட்டால் “மியூசியத்தில” என்பேன். “காவலோ?” என்பார்கள். “ஓம்” என்று சொல்லிவிட்டுப் போவேன். விளக்கிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை போதாது.

இதற்கு வந்து சேர்ந்த கதை பெரிதில்லை. அகதியாக வந்தேன். இன்டர்லாக்கனில் ஒரு ஹொட்டேலில் கோப்பை கழுவினேன். அங்கே உடைகிற தட்டுத் தள்ளுவண்டிகளையெல்லாம் நானே திருத்திக் கொடுப்பதைப் பார்த்த சமையல்காரர், தன் மச்சானின் உலோகப் பட்டறைக்கு என்னை அனுப்பினார். பட்டறையில் படிக்கட்டுக் கைப்பிடிகள் செய்தேன். அருங்காட்சியகத்துக்கு ஒரு முறை கைப்பிடி பூட்டப் போன இடத்தில் ஃப்ராவ் கெல்லர் என்ற பெண்மணி என் உலோக ஒட்டு வேலையைக் குனிந்து பார்த்தார். அதன்பிறகு நான் வேறெங்கும் வேலைக்குப் போகவில்லை.

ஃப்ராவ் கெல்லர் அங்கே உலோகப் பொருட்களைப் பராமரிக்கும் பகுதியின் தலைவி. உயரமான மனுசி. சத்தம் போட்டுக் கதைத்து நான் கேட்டதில்லை. முதல் கிழமையே அவரிடம் மாட்டுப்பட்டேன்.

எனக்கு ஒரு பழக்கம். எந்த வேலையைத் தொடங்கும்போதும் பொருளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன். துளையிடும் மெஷினையும் தொடுவேன், ஏணியையும் தொடுவேன். நினைத்துச் செய்வதில்லை, கை தானாகப் போகும். அன்று ஒரு சின்ன வெண்கலக் குதிரையின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினேன். நிமிர்ந்தால் ஃப்ராவ் கெல்லர் நிற்கிறார்.

“என்ன செய்தீர்கள், ஹெர் யோகராஜா?”

எனக்குத் தெரிந்த ஜெர்மனில், வணக்கம் சொன்னேன் என்றேன்.

அவர் என் கையைத் திருப்பி விரல்களைப் பார்த்தார். வியர்வையில் உப்பு இருக்கிறது, உப்பு வெண்கலத்தைத் தின்னும், இன்று தொட்ட விரலடையாளம் நாளைக்குப் பச்சையாக மேலே வரும் என்று விளக்கினார். பிறகு ஒரு சோடிக் கையுறையை எடுத்துத் தந்தார். “இதைப் போட்டுக்கொண்டு நீங்கள் யாருக்கு வேண்டுமானாலும் வணக்கம் சொல்லலாம்.” கேலியில்லை, அனுமதி. அன்றிலிருந்து கையுறையோடுதான் கும்பிட்டேன். கூட வேலை செய்தவர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு நான் மறந்தால் அவர்களே ஞாபகப்படுத்தினார்கள்.

அவரிடம் இன்னொரு குணம் இருந்தது. எதைச் சொன்னாலும், “காரணம்?” என்பார். இந்தச் சாடிக்கு மூன்று கால் தாங்கி வேண்டும் என்றால், காரணம்? இந்தத் தலையை இடது பக்கம் கொஞ்சம் சாய்க்க வேண்டும் என்றால், காரணம்? ஒரு முறை, “எனக்கு இதுதான் சரியென்று படுகிறது” என்று சொல்லிவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “உங்களுக்குப் படுவது எத்தனை கிலோ தாங்கும், ஹெர் யோகராஜா?” என்று கேட்டார். அன்று முழுக்க எனக்கு எரிச்சல். என்றாலும் அடுத்த நாளிலிருந்து காரணத்தோடுதான் அவர் மேசைக்குப் போனேன். அவர் எனக்குச் சொல்லித்தந்த பெரிய விதி ஒன்று உண்டு. தாங்கி தாங்க வேண்டும், பிடிக்கக் கூடாது. இறுக்கிப் பிடித்தால் பொருளுக்கு நோகும் என்பார். வெண்கலத்துக்கு நோகும் என்று சொல்ல அவருக்குக் கூச்சமே இல்லை.

இனி மார்சியாஸ்.

ஆளுயரத்துக்குக் கொஞ்சம் குறைந்த வெண்கலம். பரோக் காலத்து வேலை, செய்தவர் யாரென்று தெரியாது. கிரேக்கக் கதையில் மார்சியாஸ் குழல் வாசிக்கிற ஒருவன். பாதி மனுசன், இடுப்புக்குப் பின்னால் ஒரு சின்ன வால். அப்பலோ என்ற தேவனோடு வாசிப்பில் போட்டிக்குப் போனான். நடுவர்கள் தேவனின் ஆட்கள், பிறகென்ன, தோற்றான். கையை மேலே தூக்கி மரத்தில் கட்டி, உயிரோடு தோலை உரித்தார்கள். இந்தச் சிலை உரிப்பதற்குச் சற்று முந்திய கணம். வாய் திறந்திருக்கிறது. வயிறு உள்ளே ஒட்டிப்போய் விலா எலும்பெல்லாம் எழும்பி நிற்கிறது. கட்டியிருந்த மரம் எப்போதோ தொலைந்துவிட்டது. அதனால் பீடத்தில், முதுகுக்குப் பின்னால் ஒரு இரும்புக் கம்பியோடு, களஞ்சிய மூலையில் நின்றான்.

அந்த மூலைக்கு நான் அதிகம் போக மாட்டேன். போனாலும் பார்க்க மாட்டேன். கூட வேலை செய்தவர்கள் எனக்கு அது பிடிக்காத சிலை என்று நினைத்தார்கள்.

அப்போதிருந்த கியூரேட்டர் ஒரு புது நிரந்தரக் கண்காட்சி யோசித்தார். நல்ல மனுசன், வேகமான மனுசன். மேசையில் வரைபடத்தை விரித்தார். இருட்டறை. பின்சுவருக்கு முன்னால் மார்சியாஸ். பீடம் இல்லை. மேலே உத்தரத்திலிருந்து இரண்டு கயிறு இறங்கி மணிக்கட்டில் முடிகிறது. பாதம் நிலத்தில் படவில்லை. முழுப் பாரமும் கையில்.

“சனம் உள்ளே வரும்போதே மூச்சு நிற்கவேண்டும்,” என்றார்.

எனக்கு அங்கேயே மூச்சு நின்றது. “மணிக்கட்டு தாங்காது,” என்றேன்.

ஃப்ராவ் கெல்லர் என் பக்கம் திரும்பினார். “காரணம்?”

“உள்ளே வெடிப்பு இருக்கலாம். பழைய வார்ப்பு.”

“இருக்கலாம் என்பது காரணமில்லை. பார்ப்போம்.”

பார்த்தோம். என் வாழ்க்கையில் ஒரு பொருளை அவ்வளவு கவனமாகச் சோதித்ததில்லை. எக்ஸ்ரே எடுத்தோம். மெல்லிய கமராக் குழாயை உள்ளே விட்டுத் தோள்வரை பார்த்தோம். மணிக்கட்டைச் சுற்றி நானே பூதக்கண்ணாடியோடு நாள் முழுக்கத் தேடினேன். ஒரு வெடிப்பு, ஒரு பழைய ஒட்டு, காற்றுக் குமிழி ஒன்று, ஏதாவது இருக்கக் கூடாதா என்று மனதுக்குள் மன்றாடிக்கொண்டு தேடினேன். இல்லை. வார்த்தவன் கெட்டிக்காரன். உடம்பெல்லாம் உள்ளே வெறுமை, கை மட்டும் முழுக்க வெண்கலம். பொறியியலாளர் கணக்குப் போட்டுவிட்டு, இந்தக் கையில் இவனைப் போல இன்னும் சிலரைத் தொங்கவிடலாம் என்று பகிடி விட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நான் கழிப்பறைக்குப் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு நின்றேன்.

அந்தத் தாங்கியை, இல்லை, அந்தத் தூக்கை நான்தான் செய்யவேண்டும். என் கையால் கயிற்றைப் போட்டு, என் கையால் சக்கரத்தைச் சுற்றி, அவன் பாதத்தை நிலத்திலிருந்து எழுப்பவேண்டும். மாட்டேன் என்றால் வேலை போகலாம். அதைவிட, ஏன் மாட்டேன் என்று சொல்லவேண்டி வரும். அதுதான் பெரிய பயம்.

வீட்டில் சாப்பாட்டுக் கோப்பையில் சோறு அப்படியே இருந்தது. என் மனைவி வசந்தி முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்தவள். சாப்பிடாத ஆட்களை அவளுக்குப் பழக்கம்.

“என்னப்பா, சோறு ஆறுது.”

விசயத்தைச் சொன்னேன். சிலை, கயிறு, கணக்கு, எல்லாம். மிச்சத்தைச் சொல்லவில்லை.

அவள் கோப்பையை மூடி வைத்தாள். பிறகு சொன்னாள். “உங்கட இடக்கை மேல போகாதெண்டு எனக்குத் தெரியும். இந்த வீட்டில பல்ப் மாத்திறது ஆர்? நான்தானே. ஏனெண்டு ஒரு நாளும் கேக்கேல்லை. நீங்களாச் சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தன்.”

“வேலையை விடட்டோ?”

“விடுறதெண்டா விடுங்கோ. நான் உழைக்கிறன்தானே. ஆனா வாயைப் பொத்திக்கொண்டு விடாதேங்கோ. அந்த மனுசியிட்டப் போய்ச் சொல்லிப்போட்டு விடுங்கோ. எனக்குச் சொல்லாட்டிலும் பரவாயில்லை.”

அடுத்த நாள் காலமை எஸ்-பான் ரயிலில் சூரிச் போகும்வரை ஜெர்மன் வசனங்களை மனதில் அடுக்கினேன். பட்டறைக்குள் ஃப்ராவ் கெல்லர் மார்சியாஸின் முதுகில் மெல்லிய தூரிகையால் தூசு தட்டிக்கொண்டிருந்தார். அடுக்கிய வசனம் ஒன்றும் வரவில்லை.

“ஃப்ராவ் கெல்லர், கணக்கெல்லாம் சரி. என்னிடம் காரணம் இல்லை. ஆனால் இவனைக் கையில் தொங்கவிட மாட்டேன்.”

அவர் தூரிகையைக் கீழே வைத்தார். “கணக்குச் சரியென்றால் பிழை என்ன?”

இடது கையை உயர்த்திக் காட்டினேன். தோளுக்கு மேல் போகவில்லை. அங்கேயே நின்றது. இத்தனை வருடமும் உயரத்தில் வேலை வந்தால் ஏணியில் ஏறி, பொருளை நெஞ்சுக்கு நேரே கொண்டுவந்து செய்திருக்கிறேன். யாரும் கவனித்ததில்லை.

“ஊரில் என்னைப் பிடித்து வைத்திருந்தார்கள்,” என்றேன். “இருபது வயது வரவில்லை. ஒரு அறையில் இப்படித்தான் கட்டினார்கள். கால் பெருவிரல் மட்டும் நிலத்தில் முட்டும். முதலில் விரல் செத்துப்போகும். பிறகு கை என்னுடையது இல்லை.”

ஐயோ பாவம் என்று அவர் சொல்லியிருந்தால் நான் அங்கிருந்து போயிருப்பேன். அவர் சொல்லவில்லை. மேசை விளக்கை எடுத்து மார்சியாஸின் கைகளுக்கு நேரே பிடித்தார். வலது கை விரல்கள் கயிற்றைப் பிடிக்க முயன்று மடங்கியிருக்கின்றன. இடது கை விரல்கள் சும்மா விழுந்து கிடக்கின்றன.

“இந்த இடது கையைப் பற்றி எனக்கு எப்போதும் ஒரு யோசனை,” என்றார். “செய்தவன் எங்கோ பார்த்துத்தான் செய்திருக்கிறான்.”

“ஓம்,” என்று தமிழில் சொல்லிவிட்டேன். அவருக்கு விளங்கியது.

விளக்கை வைத்தார். அவர் முகம் வேலை முகமாக மாறியது. “அந்த நேரத்தில், என்ன இருந்திருந்தால் உங்களுக்குப் போதும்?”

அப்படி ஒரு கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. யோசிக்கவே தேவைப்படவில்லை. “கீழே ஒரு பலகை. குந்தியிருக்க ஒரு சின்னப் பலகை. கயிறு ஒரு விரல் அளவு தளர்ந்தால் போதும்.”

“அப்படியென்றால் அதைச் செய்யுங்கள்,” என்றார்.

அன்று பின்னேரம் வசந்திக்கும் எல்லாம் சொன்னேன். அன்றும் சோறு ஆறியது. அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து திரும்பச் சூடாக்கினாள். சாப்பிட்டேன்.

கூட்டத்தில் கியூரேட்டரிடம் ஃப்ராவ் கெல்லர் சொன்னார். “என் பட்டறை மார்சியாஸைக் கையில் தொங்கவிடாது.”

“சோதனையில் எல்லாம் சரியாக வந்ததே. காரணம் என்ன?”

மேசையைச் சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் நிமிர்ந்தார்கள். அந்தச் சொல்லை அவரிடமே ஒருவர் கேட்டதை நாங்கள் பார்த்ததில்லை.

“காரணம் இருக்கிறது. சொல்ல மாட்டேன்,” என்றார்.

கியூரேட்டருக்கு முகம் சிவந்துவிட்டது. அவர் பக்கமும் நியாயம் இருந்தது. கண்காட்சி திறக்க நாள் நெருங்குகிறது. ஃப்ராவ் கெல்லர் தொடர்ந்தார். “தொங்குவது போலத் தெரியவேண்டும், அவ்வளவுதானே உங்களுக்கு? ஹெர் யோகராஜா அதைச் செய்வார். தெரியாமல் செய்வது அவருடைய தொழில்.”

செய்தேன். சும்மா சொல்லக்கூடாது, என் கையால் வந்ததில் அதுதான் நல்ல வேலை. முதலில் மெல்லிய ஈயக் கம்பியைத் தொடைக்குப் பின்னாலும் இடுப்புக்குக் கீழும் வைத்து வளைத்து, அந்த வளைவைக் கடதாசியில் எடுத்தேன். பல்வைத்தியரின் சின்னக் கண்ணாடியைப் பிடித்து, பின்பக்கம் எங்கே தட்டுகிறது, எங்கே இடைவெளி என்று பார்த்துப் பார்த்துத் திருத்தினேன். உருக்கில் ஒரு இருக்கை. இரண்டு உள்ளங்கை அகலம்தான். உடம்பின் பாரமெல்லாம் அதில் வந்து இறங்கும். அதற்கு மேல் தோல் ஒட்டினேன், ஒரு படை போதும், நான் இரண்டு படை ஒட்டினேன். காரணம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். ஃப்ராவ் கெல்லர் பார்த்தார், கேட்கவில்லை. இருக்கையைப் பின்சுவரோடு இணைக்கும் உருக்குச் சட்டத்தை வாலுக்குப் பின்னால் ஒளித்தேன். அந்த வாலை வைத்தவனுக்கு அன்றைக்கு நன்றி சொன்னேன்.

கடைசியாகக் கயிறு. நல்ல தடித்த சணல் கயிறு, உத்தரத்திலிருந்து இறங்கி மணிக்கட்டைச் சுற்றிப் போகிறது. ஏணியில் ஏறி, கையுறை போட்ட சுட்டுவிரலைக் கயிற்றுக்கும் மணிக்கட்டுக்கும் இடையில் விட்டேன். போனது. அந்த அளவில் முடிச்சைப் போட்டேன்.

கியூரேட்டர் இருட்டறைக்குள் வந்து நின்றார். வாயில் கை வைத்தார். “தொங்குகிறான்,” என்றார். சனமும் அப்படித்தான் பார்த்தது. பலர் தங்கள் மணிக்கட்டைத் தடவிக்கொண்டு வெளியே போனார்கள். நான் மூலையில் நின்று, அவன் இருக்கிறானடா, நல்ல வசதியாக இருக்கிறான் என்று எனக்குள் சொல்லிக்கொள்வேன். திங்கட்கிழமைகளில் அருங்காட்சியகம் பூட்டு. அன்றைக்கு ஏணியில் ஏறி விரலை விட்டுப் பார்ப்பேன். கயிறு ஈரத்துக்கு இறுகும், பார்க்கத்தானே வேண்டும் என்று கேட்பவர்களுக்குச் சொல்வேன். அதுவும் உண்மைதான்.

ஃப்ராவ் கெல்லர் ஓய்வு பெற்றுப் போகும்வரை அதைப் பற்றி ஒரு சொல் கதைக்கவில்லை. போகிற அன்று கை கொடுத்தார், என் வலது கையைப் பிடித்து. பிறகு இடது கையையும் கேட்டு வாங்கி அதையும் பிடித்தார்.

போன கிழமை நான் அந்தக் கூட்டத்துக்குப் போனேன். புதுக் கியூரேட்டர் இளம் பெண், மரியாதையான பிள்ளை. எனக்குக் கதிரை இழுத்துப் போட்டாள். கீர்த்தனா பக்கத்தில் இருந்தாள்.

“காரணம் இருக்கிறது, சொல்கிறேன்,” என்று தொடங்கினேன். எழும்பி நின்று கையை உயர்த்திக் காட்டினேன். முன்பு தோள்வரை போனது, இப்போது அதுவும் இல்லை. சொல்ல வேண்டியதை ஜெர்மனில் முழுவதும் சொன்னேன்.

கியூரேட்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். “இதைச் சுவரில் எழுதி வைக்கலாமா? சனம் வாசிக்கட்டும்.”

“வேண்டாம்,” என்றேன். “அவன் கதையைச் சனம் பார்க்கட்டும். என் கதையை நான் எழுதிக்கொள்கிறேன். நீங்கள் அந்த இருக்கையில் கை வைக்காதீர்கள், அது போதும்.”

“கை வைக்க மாட்டோம்,” என்றாள். நான் இருக்கிற காலத்தில் மட்டுமில்லை, பிறகும், என்று கேட்டு உறுதி வாங்கினேன். எனக்கு அதுவும் போதாது என்று அவளுக்கு விளங்கியது. கீர்த்தனாவைப் பார்த்து, இனி இது உன் பொறுப்பு என்று சொன்னாள்.

பிறகு நானும் கீர்த்தனாவும் கூடத்துக்குப் போனோம். திங்கட்கிழமை, சனம் இல்லை. மார்சியாஸுக்குக் கிட்டப் போனதும் அவள் பையிலிருந்து ஒரு சோடிக் கையுறையை எடுத்து நீட்டினாள்.

“இந்தாங்கோ அங்கிள். வெறுங்கையோட தொட விடமாட்டன்.”

போட்டுக்கொண்டேன். அவன் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினேன். பிறகு ஏணியைப் பார்த்தேன்.

“நீங்கள் ஏறக்கூடாது. இப்ப நீங்கள் பாக்க வந்த ஆள், விசிற்றர்.”

“அப்ப நீ ஏறு.”

அவள் ஏறினாள். நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“இடக்கைப் பக்கம் முதல் பார். விரல் போகுதோ?”

“போகுது அங்கிள்.”

“வடிவாப் பார்.”

அவள் குனிந்து என்னைப் பார்த்தாள். விரலை எடுக்கவில்லை.

“வடிவாப் போகுது.”